பள்ளியில் செயற்கை நுண்ணறிவுக்கு விதிமுறை வகுப்பது எப்படி? முதன்முறை எழுதுவோருக்கான வழிகாட்டி

மாணவரும் ஆசிரியரும் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதற்கு ஒரு விதிமுறை எழுதித் தருமாறு தலைமையாசிரியர் உங்களிடம் கேட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கணினி ஆசிரியர் என்பதாலோ, ஆசிரியர் அறையில் வயதில் இளையவர் என்பதாலோ இந்தப் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கலாம். இதற்கு முன் சட்ட வாசகம் எதையும் எழுதிப் பழகாத ஒருவர், எங்கே தொடங்கி எந்த வரிசையில் செல்வது என்பதை இந்தக் கட்டுரை சொல்கிறது. தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளி ஒன்றை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். கல்லூரிகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

நான் பார்த்த விதிமுறைகளில் பல, மாணவர் ஏமாற்றுவதை எப்படிப் பிடிப்பது என்ற கேள்வியில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகின்றன. அது பிழையான தொடக்கம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு பிள்ளையின் மதிப்பெண், நடத்தை, சேர்க்கை ஆகியவற்றைப் பற்றிய எந்த முடிவுக்கும் பெயர் சொல்லிக் காட்டக்கூடிய ஓர் ஆசிரியரோ அலுவலரோ பொறுப்பேற்க வேண்டும் என்ற வாக்கியத்தை முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள். பிற விதிகளில் ஐயம் எழும்போதெல்லாம் இந்த வரியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வழி தெரியும்.

முதற்படி: இப்போது நடப்பதைக் கணக்கெடுங்கள்

சாட்ஜிபிடி என்ற சாட்பாட் (கேட்டதற்கு உரையாடலாகப் பதில் எழுதித் தரும் செயலி) 2022 நவம்பர் 30 அன்று பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதன்பின் வாட்ஸ்அப், தேடுபொறி எனக் கைப்பேசியில் அன்றாடம் திறக்கும் செயலிகளிலேயே இந்த நுட்பம் கலந்துவிட்டது. எனவே 'எங்கள் பள்ளியில் யாரும் பயன்படுத்துவதில்லை' என்ற பேச்சை ஏற்றுக்கொண்டு எழுதத் தொடங்காதீர்கள். முழுத்தடையும் பலன் தராது. நியூயார்க் நகரப் பள்ளிக் கல்வித் துறை 2023 ஜனவரியில் பள்ளியின் கணினிகளிலும் இணைய இணைப்பிலும் சாட்ஜிபிடியைத் தடுத்தது. அதே ஆண்டு மே மாதத்தில் தடையைக் கைவிட்டது. பள்ளியின் இணைப்பை அடைத்தாலும் வீட்டில் இருக்கும் கைப்பேசி திறந்தே இருக்கிறது.

ஒரு பக்கக் கேள்விப் படிவம் போதும். அதில் யாரும் பெயர் எழுத வேண்டாம். ஆசிரியர்களிடம் வினாத்தாள் தயாரிப்பு, பாடக்குறிப்பு, விடைத்தாள் திருத்தம், முன்னேற்ற அறிக்கையில் எழுதும் கருத்து ஆகியவற்றைப் பற்றிக் கேளுங்கள். மாணவர்களிடம் ஒப்படைப்பு, மொழிபெயர்ப்பு, பாட ஐயம் ஆகியவற்றோடு, மனத்தில் உள்ள கவலைகளை அந்தச் செயலியிடம் சொல்வதுண்டா என்றும் கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் சொல்ல முடியாததைச் சாட்பாட்டிடம் சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உங்கள் விதிமுறையில் ஒரு வரி இருக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் எண் 14416, பள்ளியில் நம்பிப் பேசக்கூடிய ஆசிரியர் ஒருவரின் பெயர் ஆகிய மூன்றும் அந்த வரியில் வரட்டும்.

நிர்வாகத்தையும் விட்டுவிடாதீர்கள். பள்ளி வாங்கியுள்ள கற்றல் செயலி, முகம் அறிந்து வருகை பதியும் கருவி, கண்காணிப்புக் கேமராவோடு வந்த மென்பொருள் ஆகியவற்றில் எவை தாமாகவே முடிவெடுக்கின்றன என்று விற்பனையாளரிடம் எழுத்துவடிவில் கேட்டு வாங்கி வையுங்கள்.

இரண்டாம் படி: எந்தச் சட்டங்களும் நெறிகளும் பொருந்தும் என அறியுங்கள்

சட்டம் முழுவதையும் படிக்க வேண்டிய தேவையில்லை. இந்தியாவின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 என்ற ஒன்றின் 9ஆம் பிரிவை மட்டும் கவனமாகப் படியுங்கள். 18 வயது நிறையாத எல்லோரும் அச்சட்டப்படி குழந்தைகளே. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. குழந்தைகள் தொடர்பான கடமையை மீறினால் 200 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமுண்டு. சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. கல்விப் பணிக்கும் மாணவர் பாதுகாப்புக்கும் தேவையான அளவுக்குள் கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் தரப்பட்டுள்ளன. ஆனால் அந்த விலக்கு, பிள்ளைகளின் விவரத்தை வெளி நிறுவனத்தின் சாட்பாட்டில் கொட்டுவதற்கான அனுமதி என்று யாரும் வாதிட இடம் கொடுக்காதீர்கள்.

யுனெஸ்கோவின் 193 உறுப்பு நாடுகளும் 2021 நவம்பரில் செயற்கை நுண்ணறிவு அறநெறி குறித்த பரிந்துரையை ஏற்றன. 2023 செப்டம்பரில் அந்த அமைப்பு கல்வித் துறைக்கென வெளியிட்ட வழிகாட்டுதல், ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவோடு (சாட்ஜிபிடி போலத் தானே எழுதித் தரும் கருவிகளோடு) பிள்ளைகள் தனியே உரையாடுவதற்குக் குறைந்தது 13 வயது என்ற எல்லையை நாடுகள் வகுக்க வேண்டும் என்கிறது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் பயன்பாட்டு விதிகளும் 13 வயதுக்குக் கீழ் அனுமதிப்பதில்லை. 18 வயது வரை பெற்றோர் அனுமதி வேண்டும் என்கின்றன. தமிழ்நாடு அரசு 2020இல் பாதுகாப்பான, அறம்சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அது அரசுத் துறைகள் கொண்டுவரும் அமைப்புகளுக்கானது என்றாலும், வெளிப்படைத்தன்மை, பொறுப்புடைமை, தவறான பயன்பாட்டிலிருந்து பாதுகாப்பு, எண்ம இடைவெளி, அறம், நியாயம் என அது அடுக்கும் தலைப்புகளை வைத்து உங்கள் வரைவைச் சரிபார்க்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் எது கூடவே கூடாது என்று பிறர் முடிவு செய்திருக்கிறார்கள் என்பதை அறிய அது உதவும். 2025 பிப்ரவரி 2 முதல் அங்கே கல்வி நிறுவனங்களில், மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, மாணவரின் முகத்தையோ குரலையோ கொண்டு அவருடைய உணர்ச்சியைக் கணிக்கும் கருவிகளுக்குத் தடை. சேர்க்கை, கற்றல் விளைவு மதிப்பீடு, தேர்வறைக் கண்காணிப்பு ஆகியவற்றுக்கான கருவிகளை அச்சட்டம் உயர் இடர் வகையில் வைத்திருக்கிறது. 'மாணவரின் கவனத்தை அளக்கும் கேமரா' என்று யாராவது விற்க வந்தால், இந்தச் செய்தியைத் தலைமையாசிரியரிடம் காட்டுங்கள்.

மூன்றாம் படி: எந்த விவரம் வெளியே போகக் கூடாது என எழுதுங்கள்

ஓர் ஆசிரியர் தம் வகுப்பின் மதிப்பெண் பட்டியலை மாணவர் பெயர், எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை மாணவருக்குத் தரும் அடையாள எண்), பெற்றோரின் கைப்பேசி எண், சாதி விவரம் ஆகியவற்றோடு அப்படியே ஒரு சாட்பாட்டில் ஏற்றி, மெல்லக் கற்போரைப் பிரித்துத் தரும்படி கேட்டதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவருடைய நோக்கம் பிள்ளைகளுக்கு உதவுவதுதான். ஆனால் அந்த விவரங்கள் எந்த நாட்டிலுள்ள வழங்கியில் (சர்வரில்) எவ்வளவு காலம் இருக்கும், எதற்குப் பயன்படும் என்பதை அவரோ பள்ளியோ இனிக் கட்டுப்படுத்த இயலாது.

எனவே விதி இப்படி இருக்கலாம்: 'மாணவரின் பெயர், எமிஸ் எண், ஆதார் எண், முகவரி, கைப்பேசி எண், ஒளிப்படம், குரல், சாதி, மதம், உடல்நலம், குடும்பச் சூழல், ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றில் எதையும் பள்ளி ஒப்பந்தம் செய்யாத எந்தச் செயலியிலும் உள்ளிடக் கூடாது.' தடை சொல்வதோடு மாற்று வழியையும் சொல்லுங்கள். பெயர்களுக்குப் பதில் 1, 2, 3 என்று எண்ணிட்டு, எந்த எண் யாருடையது என்பதை ஆசிரியர் தம் குறிப்பேட்டில் வைத்துக்கொண்டால் அதே வேலை நடக்கும். பெயரை நீக்கினால் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறிய ஊரில், 'தந்தையை இழந்த, கால்பந்து ஆடும் பத்தாம் வகுப்பு மாணவி' என்று எழுதினாலே அவர் யாரென்று தெரிந்துவிடும்.

பெற்றோரின் கையெழுத்தை வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணமும் ஆய்வுக்குரியது. சுவீடனின் ஷெலெப்டியோ நகரப் பள்ளி ஒன்று 22 மாணவர்களின் வருகையை முகமறி கருவியால் பதிந்து பார்த்தது; ஒப்புதலும் வாங்கியிருந்தது. பள்ளிக்கும் மாணவருக்கும் இடையே அதிகாரம் சமமாக இல்லாததால் அது உண்மையான ஒப்புதல் ஆகாது என்று கூறி, அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் 2 லட்சம் குரோனா தண்டம் விதித்தது. மறுக்கும் பிள்ளைக்கு அதே தரத்தில் வேறு வழி இருந்தால்தான் ஒப்புதலுக்குப் பொருள் உண்டு. உங்கள் ஒப்புதல் படிவத்தில் அந்த வேறு வழி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நான்காம் படி: ஒப்படைப்பு வாரியாக எல்லை வகுங்கள்

பள்ளி முழுவதற்கும் 'அனுமதி உண்டு' அல்லது 'இல்லை' என்று ஒரே வரியில் எழுதுவது நடைமுறைக்கு ஒத்துவராது. ஒவ்வோர் ஒப்படைப்பையும் தரும்போது ஆசிரியர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: இந்தப் பணியில் பிள்ளை எதைக் கற்க வேண்டுமோ அதையே கருவி செய்துவிடுகிறதா? ஆம் எனில் அனுமதி இல்லை. இல்லையெனில், எந்த அளவுக்கு என்று சொல்லி அனுமதிக்கலாம்.

ஒன்பதாம் வகுப்புத் தமிழ்க் கட்டுரையில், கருத்துகளைத் தேடி வரிசைப்படுத்தி எழுதுவதே பயிற்சி. அங்கே கருவிக்கு இடமில்லை. ஆங்கிலக் கடிதத்தை மாணவர் தாமே எழுதிய பிறகு இலக்கணப் பிழையை மட்டும் பார்க்கச் சொல்லலாம். ஆனால் முதல் வரைவும் உடன் இணைக்கப்பட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில், ஓடாத பைத்தான் நிரலின் பிழைச் செய்திக்கு விளக்கம் கேட்கலாம். நிரலையே எழுதி வாங்கக் கூடாது. ஊர் ஏரியின் வரலாற்றைத் திரட்டும் சமூக அறிவியல் செயல்திட்டத்தில், பெரியவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தயாரிக்கக் கருவி உதவலாம். பதில்கள் ஏரிக்கரையிலிருந்தும் வீட்டுத் திண்ணையிலிருந்தும்தான் வர வேண்டும்.

சில பணிகளில் கருவியைப் பயன்படுத்துவதே பாடமாகவும் அமையலாம். தமிழில் இக்கருவிகள் இன்னும் நிறையத் தவறுகின்றன. திருக்குறளில் இல்லாத வரிகளை எண்ணோடு குறள் என்று தருவதையும், ஒரு சங்கப் பாடலை வேறு தொகை நூலில் சேர்ப்பதையும் நானே பலமுறை கண்டிருக்கிறேன். கருவி தந்த ஒரு பக்கத்தை வகுப்பில் கொடுத்து, நூலகத்துப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பிழைகளைக் கண்டுபிடிக்கச் சொன்னால், சரிபார்க்கும் பழக்கம் ஒரு பாடவேளையிலேயே பிள்ளைகளின் மனத்தில் பதிகிறது.

அனுமதித்த இடங்களில் ஒப்படைப்பின் கடைசியில் மூன்று வரிக் குறிப்பு கேளுங்கள்: எந்தக் கருவி, என்ன கேட்டேன், அது தந்ததில் எதை ஏற்றேன் அல்லது மாற்றினேன். உண்மையாக எழுதியதற்காக ஒரு மதிப்பெண்கூடக் குறையாது என்பதையும் விதியில் எழுதுங்கள். எழுதாவிட்டால் எவரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். ஆசிரியருக்கும் இதே கடமை உண்டு. கருவியின் துணையோடு வினாத்தாள் தயாரித்தவர் அதைத் தலைமையாசிரியரிடம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வினாவுக்கும் விடைக்குறிப்பைத் தாமே எழுதிப் பார்த்த பிறகே அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

13 வயது நிறையாத பிள்ளைகளுக்கு விதி எளியது. தனிக் கணக்கு இல்லை. ஆசிரியர் தம் கணக்கிலிருந்து வகுப்புக்குத் திரையில் காட்டலாம்.

ஐந்தாம் படி: ஐயம் எழுந்தால் என்ன செய்வது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்

இந்தப் படியில் அவசரப்பட்டால் ஒரு பிள்ளையின் நற்பெயர் போய்விடும். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் கருவிகளைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே அப்படியொரு கருவியை 2023 ஜனவரியில் வெளியிட்டது. அது எந்திரம் எழுதியவற்றில் 26 விழுக்காட்டை மட்டுமே கண்டுபிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டை எந்திரம் எழுதியது என்றது. துல்லியம் போதாது என்று கூறி அந்த நிறுவனம் ஜூலையிலேயே அதைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காகத் தாமே எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டறி கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாக 61 விழுக்காட்டுக் கட்டுரைகளை எந்திரம் எழுதியவை என்று அக்கருவிகள் தவறாகச் சொல்லின.

இதற்கான காரணம் நம் வகுப்பறைக்கு மிகவும் பொருந்துவது. அடுத்து வரும் சொல்லை எவ்வளவு எளிதில் ஊகிக்க முடிகிறது என்பதை இக்கருவிகள் அளக்கின்றன. எளிதில் ஊகிக்கக்கூடிய நடை எந்திரத்தின் நடை என்று கொள்கின்றன. தமிழ்வழியில் படித்து, அறிந்த சில நூறு ஆங்கிலச் சொற்களைக் கொண்டு கவனமாக எழுதும் பிள்ளையின் நடையும் அப்படித்தான் இருக்கும். உழைத்து எழுதிய அந்தப் பிள்ளையைக் குற்றவாளி ஆக்கும் கருவிக்குப் பள்ளியில் இடம் தரக் கூடாது.

கல்லூரியில் இருப்போர் மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, ஆய்வேட்டில் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்கிறது. அந்த விழுக்காடு, ஏற்கெனவே வெளியான நூல்களோடு எவ்வளவு வரிகள் ஒத்திருக்கின்றன என்பதைக் காட்டுவது. அவ்வரிகளை எடுத்துப் பார்த்துச் சரிபார்க்கலாம். கண்டறி கருவி தரும் விழுக்காடு வெறும் ஊகம். எடுத்துப் பார்க்க எதுவும் இராது. இரண்டையும் ஒன்றாக எண்ணித் தண்டிப்பது அநீதி.

மாற்று வழி பழையதுதான், நேரம் பிடிப்பதும்தான். ஐயம் எழுந்தால் ஆசிரியர் ஒரு வாரத்துக்குள் மாணவரைத் தனியே அழைத்துப் பத்து நிமிடம் பேசட்டும்: இந்தப் பத்தியில் என்ன சொல்ல வந்தாய், இந்த எடுத்துக்காட்டு எங்கே கிடைத்தது, இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? முந்தைய குறிப்பேடுகளையும் வரைவையும் சேர்த்துப் பார்க்கட்டும். தெளிவு பிறக்கவில்லை என்றால், அதே தலைப்பின் ஒரு பகுதியை வகுப்பில் எழுதச் சொல்லி அதற்கு மதிப்பெண் தரலாம். மாணவரே ஒப்புக்கொண்டால் முதல் முறை மீண்டும் எழுத வாய்ப்புத் தர வேண்டும். காலை வழிபாட்டுக் கூட்டத்திலோ வகுப்பிலோ வாட்ஸ்அப் குழுவிலோ பெயரைச் சொல்வது எந்நிலையிலும் கூடாது. பெற்றோரை அழைப்பதற்கு முன் மாணவர் தம் விளக்கத்தைச் சொல்லி முடித்திருக்க வேண்டும்.

ஆறாம் படி: மதிப்பெண்ணுக்கும் முடிவுக்கும் பொறுப்பாளரைக் குறியுங்கள்

2020இல் பெருந்தொற்றினால் இங்கிலாந்தில் பள்ளி இறுதியில் எழுதும் ஏ லெவல் தேர்வுகள் நடக்கவில்லை. ஆசிரியர் கணித்த தரங்களைப் பள்ளியின் முந்தைய ஆண்டுகளின் தேர்ச்சியோடு பொருத்தி, தேர்வு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்குவால் ஒரு கணிப்புமுறையால் தரம் வழங்கியது. ஆகஸ்ட் 13 அன்று முடிவு வந்தபோது ஆசிரியர் கணிப்புகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைக்கப்பட்டிருந்தன. மிகச் சிறிய வகுப்புகளுக்கு ஆசிரியரின் கணிப்பே வைத்துக்கொள்ளப்பட்டதால், அத்தகைய வகுப்புகள் மிகுந்த தனியார் பள்ளிகளுக்கு அது சாதகமாயிற்று. முன்பு தேர்ச்சி குறைந்திருந்த பள்ளியில் படித்த நல்ல மாணவர், தாம் எழுதாத தேர்வில், தமக்கு முன் படித்தவர்களின் மதிப்பெண்ணுக்காகத் தண்டிக்கப்பட்டார். மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பின், ஆகஸ்ட் 17 அன்று அம்முறை கைவிடப்பட்டது. அது வெறும் புள்ளியியல் கணக்கு, இன்றைய சாட்பாட் அன்று. ஆனால், ஏன் இந்த மதிப்பெண் என்று கேட்ட பிள்ளைக்கு அவருடைய ஆசிரியரால் விடை சொல்ல முடியாமற் போனதே அங்கே நேர்ந்த தீங்கு. விடைத்தாளைச் சாட்பாட்டிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னாலும் அதே தீங்குதான் நேரும்.

பன்னிரண்டாம் வகுப்பில் அகமதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண் உண்டு. அதில் ஒரு மதிப்பெண்கூடக் கருவியால் தீர்மானிக்கப்படக் கூடாது என்று எழுதுங்கள். பயிற்சித் தேர்வில் பின்னூட்டம் எழுதக் கருவியைப் பயன்படுத்தும் ஆசிரியர், விடைத்தாளை முழுவதும் தாம் படித்த பிறகே அதை மாணவருக்குத் தர வேண்டும். பிரிவு ஒதுக்கீடு, இடைநிற்கக்கூடியோர் பட்டியல், ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றுக்கும் இதே விதி. அந்தந்த முடிவின் கீழ் கையெழுத்திட வேண்டியவரின் பதவியை விதிமுறையிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: கைப்பேசி இல்லாத பிள்ளையை நினைத்துப் பாருங்கள்

வரைவு முடிந்ததும், வீட்டில் ஒரே கைப்பேசி இருந்து அதைத் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றுவிடும் ஒரு மாணவியின் இடத்தில் நின்று அதை மீண்டும் படியுங்கள். கருவியைப் பயன்படுத்த வேண்டிய பணி எதுவும் வீட்டுப்பாடமாகத் தரப்படக் கூடாது. பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் பாடவேளைக்குள் அது முடிய வேண்டும். கட்டணப் பதிப்பு இருந்தால்தான் நன்றாகச் செய்யக்கூடிய பணியையும் தரக் கூடாது.

எட்டாம் படி: கலந்து பேசி, ஏற்று, தேதியிடுங்கள்

விதிமுறை இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். தமிழில், பெற்றோர் வாசித்தால் புரியும் நடையில் இருக்கட்டும். கல்வி உரிமைச் சட்டம், 2009 சொல்லும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். ஆகவே அரசுப் பள்ளியில் வரைவை முதலில் படித்துக் காட்ட வேண்டிய இடம் அதுவே. மற்றப் பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் வைக்கலாம். மாணவர் பிரதிநிதிகளையும் அழையுங்கள். எங்கள் கூட்டத்தில், 'ஆசிரியர்களும் சொல்வார்களா?' என்று ஒரு மாணவி எழுந்து கேட்ட பிறகுதான், ஆசிரியரும் தம் பயன்பாட்டைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியே சேர்ந்தது.

குறை சொல்ல விரும்பும் மாணவர் யாரிடம் போக வேண்டும், எத்தனை நாளில் விடை கிடைக்கும் என்பதை முடிவில் எழுதுங்கள். அந்தப் பொறுப்பாளர் மதிப்பெண் போட்ட ஆசிரியராக இருக்கக் கூடாது. இந்நுட்பம் மாதந்தோறும் மாறுவதால், விதிமுறையின் மேற்புறத்தில் ஏற்ற தேதியையும் மறு ஆய்வுக்கான தேதியையும் சேர்த்து அச்சிடுங்கள். ஆறு மாத இடைவெளி பொருத்தமாக இருக்கும். இடைப்பட்ட காலத்தில் எழும் ஒவ்வொரு சிக்கலையும் பெயர் இல்லாமல் ஒரு குறிப்பேட்டில் பதிந்து வாருங்கள். மறு ஆய்வுக் கூட்டத்துக்கு அந்தக் குறிப்பேட்டையும், முதற்படியில் திரட்டிய கேள்விப் படிவங்களையும் எடுத்துச் செல்லுங்கள்.